ஆயிரம் சொல் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது

கதை எழுதப் பழகுவது பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். தினமும் விடியற்காலையில் எழுந்து ஆயிரம் சொல் எழுதினால்தான் எழுத்து கைவரும் என்கிறார் கட்டுரையாளர். மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கணக்கு எழுதுகிறவன் நான். விடியற்காலையில்தான் எனக்குத் தலைபோகிற வேலை! மதியம் கிடைக்கும் அரை மணி நேரம்தான் கதைக்கு. ஒரு பத்தி தேறினாலே பெரிய காரியம்.

என் முதல் கதையில் ‘மல்லிகை கமகமவென மணந்தது’ என்று எழுதியிருந்தேன். பத்து வருடம் சந்தையில் இருந்தவன் எழுதும் வரியா அது? அந்த மணம் எங்கள் மூக்குக்கு என்றோ பழகிவிட்டது. கண்ணில் படுவது ஈரச் சாக்கு, தராசுத் தட்டில் ஒட்டிக்கொண்ட இரண்டு மொட்டுகள், அவற்றையும் விரலால் வழித்துக் கூடையில் போடும் கிழவி. திருத்தும்போது மணத்தை அடித்துவிட்டு அந்த விரலை எழுதினேன்.

எழுதியதை வாய்விட்டு வாசிப்பது பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. இடறும் வாக்கியத்தைக் கண் மன்னித்துவிடும், நாக்கு மன்னிக்காது. நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்துதான் திருத்துகிறேன். அங்கே சத்தமாக வாசிக்க முடியுமா? வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து வாசிப்பேன். காவலாளி இரண்டு முறை வந்து, “யாரிடம் சார் சண்டை போடுகிறீர்கள்?” என்று கேட்டுவிட்டார்.