பிளெண்டர் எபிக் காசில் மட்டும் ஓடவில்லை

"பிளெண்டர் எபிக் கேம்ஸ் காசில்தான் ஓடுகிறது, தனிநபர்கள் மாதாமாதம் கொடுப்பதெல்லாம் வீண்" என்று, இலவச 3டி மென்பொருளான பிளெண்டரைப் பற்றி மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. வீடியோ கேம் நிறுவனமான எபிக் 2019-இல் 12 லட்சம் டாலர் அறிவித்தது உண்மைதான், ஆனால் அது மூன்று வருடத்துக்கான தொகை, அதாவது வருடத்துக்கு 4 லட்சம். முழுக் குழுவின் சம்பளத்துக்கு அது எங்கே போதும்?

அப்புறம், எபிக் வருவதற்கு வெகு காலம் முன்பே, 2002-இல், பிளெண்டரை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது முதலீட்டாளர்களிடமிருந்து மூலநிரலை மீட்க ஒரு லட்சம் யூரோ தேவைப்பட்டது, அதை ஏழே வாரத்தில் திரட்டிக் கொடுத்தது பயனர் சமூகம். அந்தப் பணம் வராமல் இருந்திருந்தால் இன்று நாம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க மாட்டோம்.

பெருநிறுவன மானியம் காலம் முடிந்ததும் நின்றுவிடலாம். பிளெண்டரை உருவாக்கும் வேலைக்கான நிதியான டெவலப்மென்ட் ஃபண்டுக்கு மாதாமாதம் வரும் சந்தாவை நம்பித்தான் ஒருவரைத் துணிந்து முழுநேர வேலைக்கு எடுக்க முடிகிறது. குவிகிற பக் ரிப்போர்ட்டுகளை (பிழைப் புகார்களை) ஒவ்வொன்றாகச் சோதிப்பது, எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு இரண்டு வருடம் திருத்தம் கொடுப்பது மாதிரி வேலைகளுக்குத் தனியாக மானியம் கிடைப்பது அரிது. சந்தேகம் இருந்தால் பிளெண்டர் அறக்கட்டளையின் ஆண்டறிக்கையைப் பாருங்கள், நிறுவனங்கள் தந்தது எவ்வளவு, தனிநபர்கள் தந்தது எவ்வளவு என்று பிரித்தே போட்டிருக்கிறார்கள்.