ஏற்கெனவே எடுத்துட்டாங்க சார்

(நூலகம். கோடை விடுமுறையின் முதல் வாரம். மேசைக்குப் பின்னால் நூலகர் அம்மா. எதிரே ஒரு அப்பா. அவர் கொண்டுவந்திருக்கும் பையைப் பார்த்தால், புத்தகத்தை அலமாரியோடு கொண்டுபோகும் உத்தேசம் தெரிகிறது.)

அப்பா: மேடம், பதினஞ்சு வயசுப் பொண்ணு. ரெண்டு மாச லீவு. படிக்கறதுக்கு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க. எல்லாமே தடிமனா இருக்கணும்.

நூலகர்: தடிமன் இருக்கட்டும் சார். பொண்ணுக்கு என்ன பிடிக்கும்?

அப்பா: போன் பிடிக்கும்.

நூலகர்: புத்தகத்துல சார்.

அப்பா: அவளா, புத்தகமா! நூலகம் எந்தத் திசையில இருக்குன்னே அவளுக்குத் தெரியாது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரூம்ல லைட் எரியுது. எல்லாம் அந்தப் போன்தான்.

நூலகர்: பேர் சொல்லுங்க, கார்டு இருக்கான்னு பாக்கறேன்.

அப்பா: இருக்காது. உங்க திருப்திக்கு வேணா பாருங்க.

(பெயரைச் சொல்கிறார். நூலகர் தட்டச்சு செய்கிறார். திரையைப் பார்க்கிறார். அப்பாவைப் பார்க்கிறார். மறுபடி திரையைப் பார்க்கிறார். பிறகு திரையைத் தன் பக்கமாக நன்றாகத் திருப்பிக்கொள்கிறார்.)

அப்பா: இல்லைல்ல?

நூலகர்: சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ சார். நாம புத்தகத்தைப் பார்ப்போம். லீவுக்குன்னு கேட்டா நான் முதல்ல சொல்றது மேரி ஷெல்லியோட 'ஃபிராங்கன்ஸ்டைன்'.

அப்பா: மூஞ்சியெல்லாம் தையல் போட்ட பூதம். அதானே?

நூலகர்: அது பூதத்தைச் செஞ்சவரோட பேரு சார். பூதத்துக்குப் பேரே வைக்கல. உண்டாக்கிட்டு, பாக்கப் பிடிக்கலைன்னு விட்டுட்டு ஓடிடறார். அங்கதான் வம்பே ஆரம்பம்.

அப்பா: பெத்தா போதுமா, கவனிக்க வேண்டாமா! சரி, பேய்க் கதை லீவுக்கு எதுக்கு?

நூலகர்: லீவுல பிறந்த கதை சார் அது. 1815ல இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சுது. அந்தப் புகைமூட்டத்துல அடுத்த வருஷம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரல. ஜெனீவா ஏரிக்கரையில ஒரு கூட்டம் தங்கியிருந்தாங்க. வெளியே ஓயாத மழை, உள்ளே பொழுது போகல. ஆளுக்கொரு பேய்க் கதை எழுதுவோம்னு கவிஞர் பைரன் ஆரம்பிச்சு வெச்சார். மேரிக்கு அப்ப 18 வயசு. அவங்க எழுதினதுதான் 1818ல புத்தகமா வந்துச்சு.

அப்பா: அதிசயமா இருக்கே! முந்தாநாள் எம்பொண்ணு இதையே சொன்னா. "அப்பா, ஒரு வருஷம் கோடையே வரலையாம், தெரியுமா"ன்னா. கண்ட வீடியோவையும் பாத்துட்டு உளறாதேன்னு திட்டிட்டேன்.

நூலகர்: (தண்ணீர் குடிக்கிறார்.) ம்.

அப்பா: குடுங்க அந்தப் புத்தகத்தை.

நூலகர்: ஏற்கெனவே எடுத்துட்டாங்க சார்.

அப்பா: யாரு?

நூலகர்: ஒரு... வாசகர். அடுத்தது பார்ப்போமா? ஸ்டீவன்சனோட 'புதையல் தீவு'. இதுவும் மழை பிடிச்ச ஒரு கோடையில பிறந்ததுதான், 1881. வீட்டுல அடைஞ்சு கிடந்த மனைவியோட பையனுக்காக ஒரு தீவு வரைபடம் வரைஞ்சார். வரைபடம் முதல்ல, கதை அப்புறம்.

அப்பா: பரவாயில்லையே, அப்ப ஜியாக்ரஃபிக்கும் உதவும்.

நூலகர்: உதவாது சார், அப்படி ஒரு தீவே கிடையாது. அசல் வரைபடமும் பதிப்பகத்துக்கு அனுப்பினப்ப தொலைஞ்சுபோச்சு. தான் எழுதின கதையைத் தானே படிச்சுப் படிச்சு மறுபடி வரைஞ்சார் மனுஷன்.

அப்பா: குடுங்க.

நூலகர்: எடுத்துட்டாங்க சார்.

அப்பா: அதே ஆளா?

(நூலகர் பேனா மூடியைத் திறந்து மூடுகிறார். பேனா வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு வசதி.)

அப்பா: சரி விடுங்க. நம்ம மொழியிலேயே ஒண்ணு. 'பொன்னியின் செல்வன்' குடுங்க. அதை நானே முழுசா முடிச்சிருக்கேன்.

நூலகர்: அட! முழுசாவா?

அப்பா: ரெண்டு பாகமும்.

நூலகர்: புத்தகத்துல அஞ்சு பாகம் சார்.

அப்பா: ...

நூலகர்: 1950லேர்ந்து 1954 வரைக்கும் வாராவாரம் கல்கி பத்திரிகையில வந்த தொடர். அத்தனை வருஷம் ஜனங்க அடுத்த இதழ் எப்ப வரும்னு காத்திருந்து படிச்சாங்க.

அப்பா: அஞ்சு பாகம்னா தடிமனும் சரியா வரும். பையில போடுங்க.

நூலகர்: ஒண்ணு, ரெண்டு, நாலு, அஞ்சு இருக்கு. மூணாம் பாகம் மட்டும் வெளியே போயிருக்கு. 'கொலை வாள்'.

அப்பா: என்ன பேர் சொன்னீங்க?

நூலகர்: கொலை வாள். ஏன் சார்?

அப்பா: எங்கேயோ கேட்ட மாதிரி... ஆங்! நேத்து ராத்திரி தூங்குடின்னு சத்தம் போட்டா, "கொலை வாள் முடியப்போகுதுப்பா, பத்தே நிமிஷம்"ங்கறா. அப்படி ஒரு கேம் வந்திருக்கு போல. பேரைப் பாருங்க மேடம், கொலையாம், வாளாம். பிள்ளைங்க எப்படி உருப்படும்?

(நூலகர் கீழே விழாத ஒரு காகிதத்தை எடுப்பதற்காகக் குனிகிறார். நிமிர நேரமாகிறது.)

அப்பா: மூணாம் பாகத்தையும் அவன்தான் வெச்சிருக்கானா?

நூலகர்: அவன்னு நான் சொல்லவே இல்லையே சார்.

அப்பா: பேர் சொல்லுங்க, நான் நேர்லயே போய் வாங்கிக்கறேன்.

நூலகர்: யார் என்ன எடுத்தாங்கன்னு வெளியே சொல்லக்கூடாது சார். பெத்தவங்களாவே இருந்தாலும்.

அப்பா: பெத்தவங்க எங்கேர்ந்து வந்தாங்க நடுவுல?

நூலகர்: பொதுவாச் சொன்னேன்.

அப்பா: இதுக்கெல்லாம் சட்டம் ஏதும் இருக்கா?

நூலகர்: நூலகத்துக்குன்னு அஞ்சு விதி இருக்கு. எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல புத்தகமாவே போட்டார். ரெண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூணாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர்.

அப்பா: எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே வாசகர்னு எதுலயும் இல்லைல்ல?

நூலகர்: (சிரிப்பை அடக்கி) இல்ல சார்.

அப்பா: கோபத்துல சொல்றேன்னு நினைக்காதீங்க. வயித்தெரிச்சல். பதினஞ்சு பதினாறு வயசு இருக்குமா அவனுக்கு? இருக்கும். எந்த வீட்டுல பிறந்தானோ! அவங்கப்பா புண்ணியம் பண்ணவர். அவருக்கு ரொம்பப் பெருமையா இருக்கும், என்ன?

நூலகர்: அவருக்கு விஷயம் தெரியுமான்னே தெரியல சார்.

அப்பா: என்ன? வீட்டுக்குள்ள பிள்ளை என்ன படிக்குதுன்னு கூடத் தெரியாமலா ஒருத்தர் இருப்பார்? என்ன மனுஷன் மேடம் அவர்!

நூலகர்: நல்ல மனுஷர்தான் சார். பேசிப் பார்த்தா தெரியுது.

அப்பா: பேசியிருக்கீங்களா? அடுத்த தடவை வந்தா நல்லா நாலு வார்த்தை கேளுங்க.

நூலகர்: கேக்கறேன் சார். இந்தாங்க, இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. எஸ்.ஈ. ஹின்டனோட 'தி அவுட்சைடர்ஸ்'. ரெண்டு இளவட்டக் கோஷ்டிங்களுக்குள்ள அடிதடி. வசதியான பசங்க ஒரு பக்கம், இல்லாத பசங்க ஒரு பக்கம்.

அப்பா: ஹின்டன் ஐயா வாத்தியாரா?

நூலகர்: அம்மா சார். பள்ளிக்கூடம் போய்க்கிட்டே எழுதினாங்க. 1967ல புத்தகம் வந்தப்ப வயசு 18. பசங்க சண்டையைப் பத்தி ஒரு பொண்ணு எழுதினதுன்னு தெரிஞ்சா விமர்சகர்கள் ஏத்துக்க மாட்டாங்கன்னு, பதிப்பகத்துல இனிஷியலை மட்டும் போட்டுட்டாங்க.

அப்பா: அதானே. நானே ஐயான்னு நினைச்சுட்டேன் பாருங்க. எனக்கென்னமோ படிக்கறவன், எழுதறவன்னாலே...

நூலகர்: பையன்னு தோணுது.

அப்பா: ஆமா. அந்தப் புத்தகம்?

நூலகர்: எடுத்துட்டாங்க சார்.

அப்பா: அவனை...! அவன் சாப்பிடறானா, தூங்கறானா இல்லையா?

நூலகர்: தூக்கம் கொஞ்சம் கம்மின்னு நீங்கதான்... இல்ல, கேள்விப்பட்டேன்.

அப்பா: எம்பொண்ணும் படிச்சவதான் மேடம். போன வருஷம் ஒரு புத்தகம் எடுத்து உக்காந்தா. எனக்கு சந்தோஷம் தாங்கல. முடிச்சதும் பக்கத்துல உக்கார வெச்சு பத்துக் கேள்வி கேட்டேன். இதுல வர்ற நீதி என்ன, உனக்குப் பிடிச்ச பாத்திரம் எது, ஏன். ரெண்டு பக்கத்துக்குச் சுருக்கம் எழுதச் சொன்னேன். அதோட சரி, அதுக்கப்புறம் புத்தகத்தைத் தொடவே இல்ல.

நூலகர்: உங்க கண்ணு முன்னாடி.

அப்பா: என்ன?

நூலகர்: ஒண்ணுமில்ல. சார், சியாட்டில்ல நான்ஸி பேர்ல்னு ஒரு நூலகர். அவங்க ஒரு கணக்கு சொல்வாங்க. எந்தப் புத்தகத்துக்கும் 50 பக்கம் வரைக்கும் ஒரு வாய்ப்பு குடு. பிடிக்கலையா, மூடி வெச்சுட்டு அடுத்ததுக்குப் போ.

அப்பா: பாதியில விடலாமா! எடுத்ததை முடிக்கணும்னு சொல்லி வளர்க்கறேன் நான்.

நூலகர்: 50 வயசு தாண்டினவங்களுக்கு இன்னும் சலுகை உண்டு. 100லேர்ந்து வயசைக் கழிச்சா வர்ற பக்கம் போதும். உங்களுக்கு என்ன வயசு சார்?

அப்பா: 54.

நூலகர்: 46 பக்கம். நூறு வயசாயிட்டா அட்டையைப் பார்த்தே தீர்ப்பு சொல்லலாம்ங்கறாங்க.

அப்பா: (தன்னை அறியாமல் சிரித்துவிட்டு, உடனே அப்பாவாகிறார்.) அதெல்லாம் இருக்கட்டும். என்கிட்ட குடுக்கறதுக்கு இங்க ஏதாவது மிச்சம் இருக்கா?

நூலகர்: இருக்கு. இது காலையிலதான் திரும்பி வந்துச்சு. 'மௌஸ்'.

அப்பா: (புரட்டுகிறார்.) பொம்மைப் புத்தகம்! எலி, பூனை! பதினஞ்சு வயசு மேடம் அவளுக்கு.

நூலகர்: அந்த எலிங்க யூதர்கள் சார். பூனைங்க நாஜிகள். வரைஞ்சவர் ஆர்ட் ஸ்பீகல்மேன். அவங்கப்பா ஆஷ்விட்ஸ் வதைமுகாம்லேர்ந்து உயிரோட வந்தவர். அவரைப் பேச வெச்சு, டேப்ல பதிவு பண்ணி, அதைத்தான் வரைஞ்சிருக்கார். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் அவ்வளவா ஒத்தும் போகாது, அதையும் மறைக்கல. 1992ல புலிட்சர் சிறப்பு விருது இதுக்குக் கிடைச்சுது.

அப்பா: (ஒரு பக்கத்தில் நின்றுவிடுகிறார்.) பிள்ளை அப்பாவைப் பேசச் சொல்லிக் கேட்டானா?

நூலகர்: ஆமா சார்.

அப்பா: எங்க வீட்டுலயும் நாலு நாளா அதே கூத்துதான். "அப்பா, சின்ன வயசுல நீங்க எப்படி இருப்பீங்க, தாத்தா உங்களை அடிப்பாரா"ன்னு ஒரே நச்சரிப்பு. போன்ல ரெக்கார்டு வேற. எங்கேயாவது போட்டு லைக் வாங்கப் பாக்கறான்னு விரட்டி விட்டுட்டேன்.

நூலகர்: இன்னொரு தடவை கேட்டா சொல்லிடுங்க சார்.

அப்பா: சொல்லலாம்... என்ன பெரிய கதை, நாலு அடி விழும், அவ்வளவுதான். இதை எடுத்துக்கறேன். கார்டு அவ பேர்லயே போட்டுடுங்க, ஃபாரத்துல நான் கையெழுத்துப் போடறேன்.

நூலகர்: வேண்டாம் சார்! அதாவது, அவங்கவங்க நேர்ல வந்து வாங்கறதுதான் நல்லது. இது உங்க பேர்ல இருக்கட்டும். முதல் பாகத்தையும் எடுத்துக்கறீங்களா? வந்தியத்தேவன் காத்துக்கிட்டிருக்கான்.

அப்பா: எனக்கா? ...சரி, 46 பக்கம் பாக்கறேன். மேடம், ஒரு துண்டுக் காகிதம் குடுங்க. அந்தப் பிள்ளைக்கு ஒரு சீட்டு எழுதித் தர்றேன், வந்தா குடுத்துடுங்க.

நூலகர்: நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்.

அப்பா: ஏன், என் எழுத்துக்கு என்ன? முத்து முத்தா இருக்கும்.

நூலகர்: தனியாத் தெரியும் சார், அதான்.

அப்பா: சரி, எழுதிக்குங்க. "முகம் தெரியாத தம்பிக்கு..."

நூலகர்: "வாசகருக்கு"ன்னு போடறேன்.

அப்பா: போடுங்க. "நீ படிச்சதுல எதெல்லாம் எம்பொண்ணுக்குப் பிடிக்கும்னு ஒரு லிஸ்ட் எழுதிக் குடு. அவளுக்குப் பதினஞ்சு வயசு. நல்லா சிரிப்பா. இப்பல்லாம் என்கிட்ட ரொம்பப் பேசறதில்ல. தடிமன் எப்படி இருந்தாலும் பரவாயில்ல." அவ்வளவுதான். என் பேரைப் போட்டுடுங்க.

நூலகர்: பேர் வேண்டாம் சார்.

அப்பா: இனிஷியலாவது?

நூலகர்: அதுகூட வேண்டாம். புரிஞ்சுக்குவாங்க.

அப்பா: (பையை எடுத்துக்கொண்டு நாலடி போய்த் திரும்பி) அந்த மூணாம் பாகம் எப்ப மேடம் திரும்பி வரும்?

நூலகர்: நாளைக்கு வந்துடும் சார். இன்னைக்கு ராத்திரி ஒரு மணிக்குள்ள முடிச்சுடுவாங்க.

அப்பா: ஒரு மணியா? அதெப்படி அவ்வளவு கரெக்டா உங்களுக்குத் தெரியும்?

(நூலகர் சுவரில் இருக்கும் "அமைதி காக்கவும்" பலகையைக் காட்டுகிறார்.)