பூட்டிய கைப்பேசியிலிருந்தும் 112 போகும்

சாலை விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரின் கைப்பேசியை எடுத்து, அதன் பேட்டர்ன் என்னவாக இருக்கும் என்று இரண்டு மூன்று பேர் கூடி நின்று யோசித்துக்கொண்டிருப்பது நம் நெடுஞ்சாலைகளில் புதிய காட்சி அல்ல. பூட்டிய திரையிலேயே இருக்கும் ‘அவசர அழைப்பு’ என்பதைத் தொட்டு எண்ணை அழுத்தினால் போதும், பூட்டைத் திறக்கவே வேண்டியதில்லை என்பது அங்கே நிற்பவர்களில் பலருக்கும் தெரிவதில்லை.

எந்த எண்ணை அழுத்துவது என்பதுதான் அடுத்த கேள்வி. 2008 முதல் தமிழ்நாட்டில் 108 பட்டிதொட்டியெங்கும் மனப்பாடம். அது பெரிய சாதனை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 112 என்பது அவசர எண் என்று கைப்பேசிக்கே தெரியும். கைப்பேசிகள் இயங்குகிற ஜிஎஸ்எம் தொழில்நுட்பத்தின் தரவரையறையிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. ஆகவே, நம் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்தில், கிடைக்கிற வேறொரு நிறுவனத்தின் டவர் வழியாக அந்த அழைப்பை அனுப்பக் கைப்பேசி முயலும். 108 அவ்வாறு அல்ல. சிம்மோ நெட்வொர்க்கோ அதை அவசர எண்ணாக அறிவித்திருந்தாலன்றி, கைப்பேசிக்கு அது மற்றுமோர் எண்தான். ஒரு நிறுவனத்தின் டவர் மட்டுமே எட்டுகிற மலைக்கிராமத்தில் இந்த வேறுபாடு உயிர்ப்பிரச்சினை. (டவரே இல்லாத இடத்திலும் 112 கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியை நம்பிவிட வேண்டாம்.)

காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண் என்ற நோக்கத்துடன் கொண்டுவரப்பட்டதுதான் 112. அதற்காகவே 2016இல் மத்திய அரசு விதி வகுத்து, 2017 முதல் விற்கப்படும் கைப்பேசிகளில் அவசரப் பொத்தான் வசதி கட்டாயம் என்றது. பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை அடுத்தடுத்து மூன்று முறை அழுத்த வேண்டும், சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஐந்து முறை. விதி வந்தது, வசதியும் வந்தது, விளம்பரம் மட்டும் வரவில்லை. டெம்பர்ட் கிளாஸ் ஒட்டித் தருகிற நேரத்தில் கடைக்காரர் இதைச் சொல்லித் தரலாம்; நான் பார்த்த வரையில் யாரும் சொல்வதில்லை. தெரியாமல் அழுத்திவிடுகிற தொல்லையும் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை: 2023இல் பிரிட்டனில் இப்படித் தானாகப் போன அழைப்புகள் குவிந்து காவல்துறை திணறியது. அவ்வாறு போய்விட்டால் பதறித் துண்டிக்காமல், தவறுதலாக வந்த அழைப்பு என்று சொல்லிவிட்டு வைப்பதே முறை; இல்லையேல் அவர்கள் திரும்ப அழைத்து விசாரிக்க வேண்டியிருக்கும்.

இணைப்பு கிடைத்ததும் முதலில் சொல்ல வேண்டியது இடம். ‘பைபாஸில் ஆக்சிடென்ட்’ என்றால் வண்டி எங்கே வரும்? திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகிற பக்கம், கிலோமீட்டர் கல்லில் இருக்கிற எண் இது, எதிரே பெட்ரோல் பங்க் என்று சொன்னால் சரியான பக்கத்துக்கு வண்டி வந்துவிடும். இல்லையென்றால் எதிர்த்திசையில் போய், சென்டர் மீடியனில் அடுத்த திறப்பு வரும்வரை ஓடித் திரும்ப வேண்டும்.

போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ என்ற அச்சத்தில் அழைக்கத் தயங்குபவர்களும் உண்டு. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. அழைத்தவர் தம் பெயரைச் சொல்லியே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.