பத்து ஆண்டு ஆட்சியுரிமை: ஒரு திருத்தம்

"பத்து வருடம் பிடித்து வைத்திருந்தால் காணி அவருக்கே சொந்தம், சட்டமே சொன்னபிறகு நியாயம் அநியாயம் பேச இடமில்லை" என்று இலங்கைக் காணிகளைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பது இரண்டு வகையில் தவறானது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம் வெறும் குடியிருப்பைக் கேட்கவில்லை; உரிமையாளரின் உரித்தை ஏற்காமல், அவருக்கு எதிராக, இடையூறின்றித் தொடர்ந்து பத்து ஆண்டு காணியைத் தன் வசம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆகவே வாடகை கொடுத்தோ, சொந்தக்காரர் சொல்லிக் காவலுக்கோ இருந்தவருக்கு ஆண்டுக்கணக்கு மட்டும் உரித்தைத் தந்துவிடாது. அரச காணிக்கு இது பொருந்தவே பொருந்தாது.

என்னை எழுதத் தூண்டியது, நியாயம் பேச இடமில்லை என்ற இரண்டாவது தவறுதான். மூதூரிலும் குச்சவெளியிலும் தென்னமரவடியிலும் போரின்போது காணி உறுதியைக்கூட எடுக்க நேரமின்றி வெளியேறிய குடும்பங்களை நம் திருகோணமலை மாவட்டத்தில் அறியாதவர் உண்டா? வழக்குத் தொடர வழியே இல்லாதிருந்த ஆண்டுகளையும் அவர்களுக்கு எதிராக எண்ணுவது அநீதி என்பதை ஏற்றுத்தான், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தவர்களுக்கு அந்த ஆண்டுக்கணக்கிலிருந்து விலக்களிக்கும் 5ஆம் இலக்கக் காலவிதிப்பு விசேட ஏற்பாடுகள் சட்டம் 2016இல் நிறைவேறியது. நியாயம் பேசப்பட்டதால்தான் சட்டம் அசைந்தது. படை நடவடிக்கைகளால் இடம்பெயர்ந்தவர்களை அச்சட்டத்தின் சொற்கள் வெளிப்படையாகச் சேர்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத மனக்குறை; அதை அநியாயம் என்று சொல்ல எந்தச் சட்டப்பிரிவின் அனுமதியும் நமக்குத் தேவையில்லை.