மணி என்னவாம்?
எத்தியோப்பியாவுக்குத் தன்னார்வலராக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றதும் சாப்பாடு ஒத்துக்காது, தண்ணீர் ஒத்துக்காது என்று பயமுறுத்தினார்களே, ஒரு ஆளாவது இந்தக் கடிகாரத்தைப் பற்றி வாயைத் திறந்தார்களா? தோசை மாதிரி இருக்கும் இவர்களுடைய புளிப்பு இஞ்செராகூடப் பழகிவிட்டது. மணிதான் பழகவே மாட்டேன் என்கிறது.

இங்கே எண்ணிக்கை விடியலில் ஆரம்பம், அதனால் நமது காலை 7 இவர்களுக்கு 1. 3 மணிக்குக் கூட்டம் என்றால் காலை 9. பஸ் 12 மணிக்கு என்றால் விடிகாலை 6. விமானம் மட்டும் உலக மணிப்படி பறக்கும்! நாழிகைக் காலத்து நம்ம ஆட்களும் சூரியனைப் பார்த்துத்தானே எண்ணினார்கள், அதனால் திட்டக்கூட முடியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "உங்க மணியா, எங்க மணியா" என்று கேட்டுக் கேட்டே வாய் வலிக்கிறது.

சரி, தேதியாவது? வருஷத்துக்கு 13 மாதம், 2017 பிறந்ததே நமது 2024 செப்டம்பரில்.

அப்புறம், பாடமே 'மணி என்ன?' என்று வந்து தொலைத்தது. காலை 9-க்குக் கேட்கிறேன், பையன் எழுந்து இலக்கணம் பிசகாமல் மூன்று மணி என்கிறான். டிக் போடுவதா, சுழிப்பதா? தலைமை ஆசிரியரிடம் போனால், சாயங்காலம் நிதானமாகப் பேசலாம், 10 மணிக்கு வாங்க என்கிறார்.