ஆர்வத்தை அளந்தீர்களா, பஸ் காசை அளந்தீர்களா?

சனிக்கிழமை கூட்டத்தில் ஒரு கருத்துக்கணிப்பு ஆய்வின் வரைபடத்தைத் திரையில் போட்டார்களே, அதைப் பற்றித்தான். ஆசிரியர் பயிற்சி (பி.எட்) படிக்கும் நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு உயிரியலில் ஆர்வம் குறைவாம். பின்னாலிருந்து யாரோ "பின்தங்கிய மாவட்டம்தானே" என்று சொல்ல, முன்வரிசை சிரித்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அந்த ஆய்வுக்கான கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டம், 1932-ல் லிக்கர்ட் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த முறை. முறையில் தப்பில்லை. கேட்டிருப்பதைப் பாருங்கள்: "நான் உயிரியல் பூங்காக்களுக்கு அடிக்கடி செல்வேன்." காட்டோர ஊரான அஞ்செட்டியிலிருந்து படிக்க வரும் பெண் எங்கே போவாள், சேலம் குரும்பப்பட்டிப் பூங்காவுக்கா, பெங்களூரு பன்னேர்கட்டாவுக்கா? அவள் வீட்டு ராகிக் கொல்லைக்கு யானையே வருகிறது. யானை போட்ட சாணத்தைப் பார்த்தே அது எப்போது போனது, குட்டி கூட இருந்ததா என்று சொல்லிவிடுவாள். உங்கள் அளவுகோலில் அவளுக்கு ஒரு மார்க், டிக்கெட் வாங்கி செல்ஃபி எடுத்தவருக்கு ஐந்து. இதுவா ஆர்வம்?

அப்படியென்றால் ஆய்வே கூடாதா டீச்சர் என்பீர்கள். செய்யுங்க சாமி, யார் வேண்டாம் என்றது? இயற்பியல் படித்தவர்களையும் சேர்த்துத்தானே சராசரி போட்டீர்கள்? 'பத்தாம் வகுப்பு வரை அறிவியல் ஒரே புத்தகம், யார் வந்தாலும் உயிரியலும் நடத்தணுமே' என்று நீங்கள் சொல்வது நியாயம்தான், சரி. ஆனால் இனப்பெருக்கப் பாடத்தை 'வீட்டில் படிச்சிக்கோங்க' என்று தாண்டிப்போகும் அனுபவசாலிகளின் ஆர்வத்தை யார் அளப்பது? கருவில் பெண்ணா என்று திருட்டுத்தனமாக ஸ்கேன் பார்க்கும் கும்பல் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வரும் ஊர் இது. ஆணா பெண்ணா என்பது அப்பாவிடமிருந்து வரும் குரோமோசோமைப் பொறுத்தது என்று வகுப்பில் உரக்கச் சொல்வதே இங்கே பெரிய காரியம்.

எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பையன், பிள்ளைகளின் பழுப்புப் பல்லைப் பார்த்துவிட்டு, பாடக்குறிப்பை மூடி வைத்தான். யார் வீட்டில் எந்த போர்வெல் தண்ணீர் என்று கரும்பலகையில் எழுத ஆரம்பித்தான். நிலத்தடித் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, பல் உருவாகும் வயசிலேயே அது பல்லின் மேல்பூச்சான எனாமலைக் கெடுத்துவிடும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் கறை போகாது என்றான். என் பல்லும் அதேதான். ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீர் குடிநீராக வருவதற்கு முன்னால், போர்வெல் தண்ணீரில் வளர்ந்தவள். ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை என்று வீட்டில் அடி, வகுப்பில் கேலி. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகினேன். காரணம் சொல்ல அன்றைக்கு ஒரு ஆள் இல்லை.

அந்தப் பையன் உங்கள் தாளில் என்ன போட்டான் தெரியுமா? 'உயிரியல் இதழ்களைத் தவறாமல் வாசிக்கிறேன்': முற்றிலும் மறுக்கிறேன். ஆர்வமில்லாதவர் பட்டியலில் அவனும் ஒருவன்!

"உணர்ச்சிவசப்படறீங்க டீச்சர், இது புள்ளிவிவரம்" என்று இன்பாக்ஸில் ஒருவர் அறிவுரை சொல்கிறார். நல்லதுங்க. அந்தப் புள்ளிவிவரத்தையும் எடுத்துக்கொண்டு எங்கள் பள்ளிக்கு வாருங்கள், பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் நடத்தும் வகுப்பில் ஒரு பீரியட் உட்காருங்கள். டீ என் செலவு. முன்வரிசையில் சிரித்தவர்களும் வரலாம், அவர்களுக்கு டீ மட்டும் கிடையாது.