பட்டை இல்லாவிட்டால் பிழையா? இல்லை

“கனடாவின் 1967 நூற்றாண்டு வரிசை ஸ்டாம்பில் புற ஊதா விளக்கில் பட்டை தெரியவில்லையென்றால் அது டேக்கிங் (கடிதம் அடுக்கும் இயந்திரம் அடையாளம் காண ஸ்டாம்பில் போடும் ஒளிரும் பட்டை) விடுபட்ட பிழை, நல்ல விலை போகும்” என்று ஸ்டாம்ப் சேகரிப்பவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இதை நம்பி யாரும் காசைக் கொட்டிவிட வேண்டாம்.

டேக்கிங் 1962இல் வின்னிபெக் நகரின் கடிதம் அடுக்கும் இயந்திரத்துக்காகத்தான் வந்தது. நூற்றாண்டு வரிசை வெளியானபோதும் பட்டை இல்லாததுதான் சாதாரண அச்சு; வின்னிபெக் பட்டை போட்டது தனி வெளியீடு. இதே வரிசையில் 1971இல் வந்த 8 சென்ட் நாடாளுமன்ற நூலக ஸ்டாம்பையே பாருங்கள்: பட்டையற்றது, வின்னிபெக் பட்டை, ஒட்டாவா பட்டை (இன்னொரு வகை டேக்கிங்) என மூன்று வகையும் முறையாக விற்கப்பட்டவை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஸ்டாம்ப் முழுக்கப் பளீரென்று நீலவெள்ளையாக மின்னினால் அது காகிதத்தில் கலந்த வெளுப்பூட்டியின் வேலை. பின்பக்கமும் மின்னுகிறதா என்று திருப்பிப் பாருங்கள். வின்னிபெக் பட்டை விளக்கை அணைத்த பிறகும் கணநேரம் ஒளிரும், ஒட்டாவா பட்டை உடனே அணைந்துவிடும். ஸ்டாம்பைச் சாய்த்துப் பிடித்தால் வின்னிபெக் பட்டை வெறுங்கண்ணுக்கே தெரியும்.

ஒட்டாவா டேக்கிங்கின் தொடக்கத்தில் பயன்பட்ட ஓபி-4 என்ற வேதிப்பொருள் பக்கத்து ஸ்டாம்புக்கும் ஆல்பத் தாளுக்கும் கசியும். அவற்றைத் தயவுசெய்து தனியாக வையுங்கள்.

இந்த வரிசையில் தேட வேண்டியவை வேறு: காகிதத்தின் ஒளிர்வு, பின்பக்கம் இருப்பது டெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்து) பசையா பிவிஏ (செயற்கை) பசையா என்பது, 6 சென்ட் ஸ்டாம்பில் ஓரத் துளைகளின் அளவு. உண்மையான சுவாரசியம் அங்கேதான்.